சுவர் இருந்தால்தானே சித்திரம்!

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, தம் பணிகளை ஒத்திவைத்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, செவிலியர் சங்கச் சகோதரிகளே, இரவு டியூட்டி முடித்த கண்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பயிற்சி மருத்துவப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று நான் கேட்டதும், "தேதியைச் சொல்லுங்கள்" என்றார்.

பயிற்சி மருத்துவர்களின் பணிச்சோர்வைப் பற்றி மூன்று செய்திகள் பேச வந்தேன். வேலை நேரம், தள்ளிப்போன தேர்வுகள், உதவி கேட்க விடாத தயக்கம். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள். பெருந்தொற்றின்போது சித்திரத்தைப் பார்த்து உலகமே கைதட்டியது. சுவரை யார் தொட்டுப் பார்த்தோம்?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னது. எலும்பு மருத்துவம் படிக்க வந்தவர், தோல் மருத்துவம் படிக்க வந்தவர் எல்லோரும் கோவிட் வார்டுக்குப் போனார்கள். அங்கே முதலாண்டு முதுநிலை மாணவி ஒருத்தி. மருத்துவமனையின் பெயர் வேண்டாம், எங்கும் இதே கதைதான். பார்வையாளருக்கு அனுமதி இல்லாததால், வீட்டாருக்குத் தகவல் சொல்லும் வேலை அவளுடையது. பாலித்தீன் உறைக்குள் ஒரு போன், கையில் ஒரு பட்டியல். ஓர் இரவு ஒரு பெரியவர் இறந்துபோனார். இவள் எண்ணை அழுத்துகிறாள். எடுத்தது அவர் மனைவி. இவள் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா, "அவரு தூங்குறாராம்மா? எழுப்பாதே, காலையில பேசிக்கிறேன்" என்கிறார். செய்தியைச் சொன்னாள். அழுகை ஓயும்வரை காத்திருந்தாள். அடுத்த எண். அன்று இரவு அப்படி நான்கு எண்கள்.

காலையில் பொறுப்பை ஒப்படைக்க அவள் வரவில்லை. தேடிப் போனேன். கவச உடை கழற்றும் அறையில், உடையைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, அழுதியா?" என்றேன். "இல்ல சார். அந்தம்மா அழுதப்ப எனக்கு ஒண்ணுமே தோணல. அதான் பயமா இருக்கு" என்றாள். நான் என்ன செய்தேன்? தோளைத் தட்டி, "எங்க காலத்துல இதவிடப் பார்த்திருக்கோம்" என்றேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறேன். மறுநாள் டியூட்டிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதை எழுதியவன் நான்.

1981-ல் மாஸ்லாக், ஜாக்சன் என்ற இரு உளவியலாளர்கள், பர்ன்அவுட் எனப்படும் இந்தப் பணிச்சோர்வுக்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அதில் மூன்று கூறுகள். உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, செய்த வேலையில் நிறைவு இல்லாமல் போவது. அவள் பயந்தது இரண்டாவதைக் கண்டு. உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் தீராது நீடிக்கும் அழுத்தத்தின் விளைவு என்கிறது. பணியிடத்தில், ஐயா! பிறகு ஏன் பிள்ளைகளுக்குத் தியான வகுப்பு நடத்திவிட்டுப் பணியிடத்தை அப்படியே விடுகிறோம்?

ஆகவே வேலை நேரத்துக்கு வருகிறேன். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது ஏறியவரின் தடுமாற்றத்துக்கு நிகர் என்று 1997-லேயே ஆய்வு சொன்னது. 1984-ல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி, நெடுநேரம் உறங்காத பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் இறந்தாள். அவள் தந்தை விடாமல் போராடினார். 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-ல் அது அமெரிக்கா முழுவதற்குமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 48. மருத்துவர்கள் ஏற்கும் ஜெனீவா உறுதிமொழியிலேயே 2017 முதல் "என் உடல்நலத்தையும் கவனிப்பேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. உறுதிமொழி வாங்குகிறோம், அதைக் காப்பாற்ற நேரம் கொடுத்தோமா? சுவர் இருந்தால்தானே சித்திரம்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். தேர்வுகளைப் பற்றிப் பேச நேரமில்லை, பொறுத்தருள வேண்டும். தயக்கத்தைப் பற்றி ஒன்று மட்டும். மனநல மருத்துவரைப் பார்த்தால் பதிவேட்டில் ஏறிவிடும் என்று பயந்து, பிள்ளைகள் அடுத்த ஊரில் வேறு பெயரில் போய்ப் பார்க்கிறார்கள்.

வாசலில் மேசை மேல் ஒரு மனு இருக்கிறது. 24 மணி நேரத்துக்கு மேல் தொடர் டியூட்டி கூடாது, இரவு டியூட்டிக்கு மறுநாள் கட்டாய விடுப்பு. இரண்டே கோரிக்கைகள். முதல்வர் அவர்கள் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார். அவர் பின்னால் வரிசையில் வாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் மட்டும் நிற்க வேண்டாம். உங்களிடம் தாளை நானே கொண்டு வருகிறேன். வணக்கம்.