கோல்ரிட்ஜ் பார்த்த அந்தி வானம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1802 அக்டோபர் 4ஆம் நாள் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் திருமணம். அன்றைய ‘மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அவருடைய நண்பரும் கவிஞருமான கோல்ரிட்ஜின் கவிதை ஒன்று வெளிவந்தது. மணநாளில் வந்தாலும் அது மனச்சோர்வைப் பாடும் கவிதை.

மேற்கு வானில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளி. மெல்லிய மேகங்கள், விண்மீன்கள், பிறைநிலா. எல்லாவற்றையும் கோல்ரிட்ஜ் பார்க்கிறார். அவை எத்தனை அழகு என்பது கண்ணுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்கு எட்டவில்லை என்கிறார். அடுத்து அவர் சொல்வது என்னை இன்றும் உலுக்குகிறது: நாம் கொடுப்பதையே இயற்கையிடமிருந்து திரும்பப் பெறுகிறோம், நம் உயிரில்தான் அது உயிர் வாழ்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், 1798இல், பிரிட்டனின் வை ஆற்றங்கரையில் வேர்ட்ஸ்வொர்த் இயற்கையைத் தம் நெஞ்சின் செவிலி, வழிகாட்டி, காவலர் என்றெல்லாம் போற்றியிருந்தார். தன்னை நேசித்த இதயத்தை அது ஒருபோதும் வஞ்சித்ததில்லை என்று தங்கை டோரதிக்கு உறுதியும் சொன்னார். அந்த உறுதியை முதலில் அசைத்தவர் அவருடைய உயிர்த் தோழரே.

இவ்விருவரைப் போன்ற ரொமான்டிக் கவிஞர்கள் இயற்கையைப் பாடினார்கள், பின்னர் பிரான்சில் தோன்றி, நேராகச் சொல்லாமல் குறியீடுகளால் உணர்த்திய குறியீட்டுக் கவிஞர்கள் அதைக் கைவிட்டார்கள் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோல்ரிட்ஜ் எழுப்பிய ஐயத்துக்குள் குடியேறியவர்கள் என்றே குறியீட்டுக் கவிஞர்களை நான் கருதுகிறேன். அவர்களுக்கு வழி திறந்த பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், 1857இல் வெளியான ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பில், இயற்கையைக் கோயில் என்கிறார். அதன் உயிருள்ள தூண்கள் எப்போதாவது பேசுகின்றன, ஆனால் சொற்கள் குழம்பிவருகின்றன. அங்கே மனிதன் குறியீடுகளின் காட்டைக் கடந்து போகிறான். காடு அவனைப் பழகிய கண்களோடு பார்க்கிறது. வாசனையும் நிறமும் ஒலியும் ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்கின்றன. செவிலியின் தெளிவான குரல் இங்கே இல்லை. கேட்பவன்தான் பொருள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

1874இல் இன்னொரு பிரெஞ்சுக் கவிஞரான வெர்லேன் இன்னும் ஒரு படி போகிறார். நகரத்தின் மேல் மழை பெய்கிறது, அவர் நெஞ்சுக்குள் அழுகை. ஏன் என்று தேடுகிறார். துரோகமில்லை, காதலில்லை, பகையில்லை. காரணம் தெரியாததே மிகப் பெரிய வேதனை என்கிறார். வேர்ட்ஸ்வொர்த்தாக இருந்தால் அந்த மழையிடமே ஆறுதல் பெற்றிருப்பார். வெர்லேனுக்கு மழை ஆறுதலும் சொல்லவில்லை, பாடமும் புகட்டவில்லை. ஆனாலும் அதன் ஓசை இனிமையானது என்று பாராட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை.

நன்றி, வணக்கம்.