வண்டிக்கு அடியில் ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில், டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். ரசாயன ஆலை ஒன்றில் வினையூக்கிகளோடு வேலை. வினையூக்கி என்றால் கேட்டலிஸ்ட். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான். இன்றைக்கு நான் பேசப்போவதும் ஒரு வினையூக்கியைப் பற்றித்தான். என் பிக்கப் வண்டியிலிருந்து இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அது.

2022 செப்டம்பர், ஒரு புதன்கிழமை. விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். வேலைக்குக் கிளம்பிச் சாவியைத் திருப்பினேன். வயலில் இறங்கிய பழைய டிராக்டர் மாதிரி ஒரு உறுமல். தெருவே எழுந்துவிடும் போல இருந்தது. எஞ்சின்தான் போய்விட்டது என்று பயந்து உடனே அணைத்தேன். இறங்கிக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் அடித்துப் பார்த்தால், குழாய் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு பக்க முனையும் வெள்ளரிக்காயை நறுக்கியது போலப் பளபளவென்று தெரிந்தன. ஆக்சிஜன் சென்சாரின் ஒயர்கள் அறுந்து தொங்கின.

வாசலுக்கு வந்த அப்பா சொன்னார்: "ராத்திரி ஏதோ அறுக்கிற சத்தம் கேட்டுச்சுப்பா. பக்கத்து வீட்டுல ஏதோ வேலை நடக்குதுன்னு நெனச்சேன்."

அப்பா ஊரிலிருந்து வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. பகல் இரவு மாறியதில் தூக்கம் பிடிக்காமல், மூன்று மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் எழுந்து கதவு வரை போயிருக்கிறார். தாழ்ப்பாளில் கை வைத்தவர், நம்மை எழுப்பிவிடக் கூடாதே என்று திரும்பிவிட்டார். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எதற்காக ஒருவன் இதை அறுக்கிறான்? நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து சைலன்சர் என்று சொல்லிவிடுவோம். இது சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் தனிப் பெட்டி. உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பூசப்பட்டிருக்கும். புகை அதன் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல் எரிந்து முடிகிறது, நைட்ரஜன் ஆக்சைடு பிரிந்து வெறும் நைட்ரஜனாகிறது. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் வேலை ஒழுங்காகத் தொடங்கும். வினையூக்கி இதில் செலவாவதில்லை. வருடக்கணக்காக ஓடினாலும் அந்த உலோகம் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து இது வந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது. பெட்ரோல் பங்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோல் என்று தனியாக எழுதி வைத்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஈயம் பட்டால் இந்தப் பூச்சு செத்துப்போகும், அதனால்தான் அந்த ஏற்பாடு.

ஒரு கன்வெர்ட்டரில் இருக்கும் உலோகம் சில கிராம்தான். ஆனால் 2021 மார்ச்சில் ரோடியம் அவுன்ஸ் ஒன்றுக்கு 29,000 டாலரை நெருங்கியது. அப்போது தங்கம் 1,700 டாலர் அளவில்தான் இருந்தது. உலகத்தின் ரோடியத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. கோவிட் ஊரடங்கில் அந்தச் சுரங்கங்கள் முடங்கின. அதே சமயத்தில் சீனாவும் ஐரோப்பாவும் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியதால், ஒவ்வொரு வண்டிக்கும் தேவைப்படும் உலோகம் கூடியது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் பல்லேடியம் 3,000 டாலரைத் தாண்டியது, ஏனென்றால் அதைத் தோண்டி எடுப்பதில் ரஷ்யா முன்வரிசையில் இருக்கிறது. இப்படி உலகத்தின் மூலைகளில் நடந்ததெல்லாம் சேர்ந்து என் வீட்டு டிரைவ்வேயில் வந்து முடிந்தது. இங்கே காப்பீட்டுக் குற்றங்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பின் கணக்குப்படி, கன்வெர்ட்டர் திருட்டுக்காக வந்த கோரிக்கைகள் 2019இல் 3,389. 2021இல் 52,000க்கும் மேல்.

பிக்கப் வண்டி திருடனுக்கு வசதி. தரையிலிருந்து உயரமாக நிற்பதால் ஜாக்கி போட வேண்டியதில்லை. முதுகைத் தரையில் வைத்து உள்ளே நழுவி, பேட்டரி ரம்பத்தால் இரண்டு இடத்தில் அறுத்தால் வேலை முடிந்தது. பழகியவனுக்கு ஓரிரு நிமிடம் போதும். எட்டு சிலிண்டரும் இரண்டு வரிசையாக இருக்கும் வி-8 எஞ்சின் என்றால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் இருக்கும், ஒரே வண்டியில் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். இது அமெரிக்காவோடு நிற்கிற கதையும் அல்ல. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் மாருதி ஈகோ வேன்களில் இதே திருட்டு நடந்து பலர் பிடிபட்டார்கள்.

சரி, உங்கள் வண்டியில் நடந்துவிட்டால்? அந்த உறுமலைக் கேட்டதும் எஞ்சினை அணையுங்கள். பக்கத்தில்தானே கடை என்று ஓட்டிப் போக வேண்டாம். அறுந்த குழாயிலிருந்து சூடான புகை உங்கள் இருக்கைக்கு நேர் கீழே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனையே தெரியாது. எதையும் தொடாமல் இரண்டு முனைகளையும் தொங்கும் ஒயர்களையும் படம் எடுங்கள். போலீஸில் புகார் கொடுத்துக் கேஸ் நம்பர் வாங்குங்கள். பல ஊர்களில் இணையத்திலேயே கொடுக்கலாம். அப்புறம் காப்பீடு. திருட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கும் காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தால், நம் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டிபிள் போக மீதி கிடைக்கும். பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான லையபிலிட்டி மட்டும் என்றால் ஒரு காசு வராது. பழைய வண்டிதானே என்று காம்ப்ரிஹென்சிவை நீக்கிவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. பழைய பிக்கப் என்பதற்காகக் கன்வெர்ட்டர் மலிவாகிவிடாது: இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் சாதாரணமாக ஆகிவிடும்.

எனக்குப் புதுப் பாகம் வர ஏழு வாரம் ஆனது. அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் தட்டுப்பாடு. காத்திருந்தபோது ஒரு பட்டறையில், "ஒரு நேர் குழாயை வெல்டு பண்ணிவிடுகிறேன், இருநூறு டாலரில் முடிந்துவிடும்" என்றார்கள். இன்னொருவர், "பழசு ஒன்று இருக்கிறது, சல்லிசாகத் தருகிறேன்" என்றார். முதலாவது கூட்டரசின், அதாவது இங்குள்ள மத்திய அரசின், தூய காற்றுச் சட்டப்படி குற்றம். ஹூஸ்டன் சுற்றுவட்டத்து மாவட்டங்களில் வருடாந்தரப் புகைப் பரிசோதனையிலும் தேறாது. இரண்டாவது எனக்கு இன்னும் கசப்பாக இருந்தது. அது யார் வீட்டு வாசலில் அறுத்ததோ? பறிகொடுத்தவனே இன்னொருவனிடம் பறித்ததை வாங்கினால், அந்த ரம்பத்துக்கு நானே பேட்டரி போட்டுக் கொடுத்த மாதிரி. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அறுக்கிறவனுக்குக் கிடைப்பது பெரிய தொகை இல்லை. அவனிடம் வாங்கும் வியாபாரிகள் பெட்டியை உடைத்து, பீங்கானைப் பொடியாக்கிச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு விற்கிறார்கள். பொடியான பிறகு அதில் உங்கள் வண்டி என்ன, என் வண்டி என்ன? 2022 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 21 பேரைக் கைது செய்தோ அவர்கள்மேல் வழக்குப் போட்டோ நடவடிக்கை எடுத்த கூட்டரசு, அந்த வலைப்பின்னலிடமிருந்து 54.5 கோடி டாலரைப் பறிமுதல் செய்யக் கோரியது. அதனால்தான் பொடியாவதற்கு முன்னால் அடையாளம் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான வின் எண்ணைக் கன்வெர்ட்டரின் உலோகக் கூட்டில் பொறித்து, மேலே சூடு தாங்கும் பளிச்சென்ற பெயிண்ட் அடித்துவிடுங்கள். பல ஊர்ப் போலீஸார் அவ்வப்போது இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். என்னுடையதில் ஆரஞ்சு நிறம். அடியில் ஒரு உலோகத் தகடும் போட்டு, சாதாரண ஸ்பானரில் கழற்ற முடியாத போல்ட்டுகளால் முடுக்கியிருக்கிறேன். தகடு திருட்டை நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஒரு நிமிட வேலை பத்து நிமிடமானால் அவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அடுத்த வண்டி பக்கத்து வீட்டுக்காரருடையது என்பது எனக்கு நெருடத்தான் செய்கிறது. அவரிடமும் சொல்லி, இரண்டு பேரும் ஒரே நாளில் போட்டோம்.

இப்போது அந்தத் தாழ்ப்பாளுக்கு வருகிறேன்.

2022 மார்ச் 31 அன்று, ஹூஸ்டன் இருக்கும் இதே ஹாரிஸ் மாவட்டத்தில், டேரன் அல்மெண்டாரெஸ் என்ற ஷெரிஃப் துறை (மாவட்டப் போலீஸ்) அதிகாரி மனைவியோடு மளிகைக் கடைக்குப் போயிருந்தார். அன்று அவர் பணியில் இல்லை. வெளியே வந்தபோது அவருடைய வண்டிக்கு அடியில் ஆட்கள் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தடுக்கப் போனவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் துறையில் இருந்தவர், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவர். அவர் பெயரில்தான் 2023இல் டெக்சாஸ் சட்டம் வந்தது. வண்டியிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டரை உரிமையில்லாமல் வைத்திருப்பதே இப்போது இங்கே சிறைக் குற்றம். 2024 வாக்கில் உலோக விலையும் இறங்கியிருந்தது, திருட்டும் குறைந்திருந்தது. ஆனால் நின்றுவிடவில்லை.

நம் ஊரில் மாட்டுக் கொட்டகையில் அரவம் கேட்டால் "யார்றா அது?" என்று ஒரு குரல் கொடுத்து, டார்ச்சோடு இறங்கிவிடுவோம். குரல் கேட்டால் தெருவே வந்துவிடும். அப்பாவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது அந்தப் பழக்கத்தில்தான். இங்கே தெரு வராது. வண்டிக்கு அடியில் ஒருவன் இருந்தால், எஞ்சினை ஓடவிட்டபடி இன்னொருவன் காத்திருப்பான். அவன் கையில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அன்று கதவு திறந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நம்மில் பலர் வீட்டில் ஊரிலிருந்து வந்த பெற்றோர் இருக்கிறார்கள். மூன்று மணிக்கு விழித்திருப்பவர்கள் அவர்கள்தான். என் அப்பா அடுத்த முறை வந்தபோது, முதல் நாளே ஒரு தாளில் பெரிய எழுத்தில் இங்கே அவசர உதவிக்கு அழைக்கும் எண்ணான 911 என்றும், எங்கள் முகவரியை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். சத்தம் கேட்டால் திறக்காதீர்கள், விளக்கைக்கூடப் போட வேண்டாம், என்னை எழுப்புங்கள், நான் எழுந்திருக்காவிட்டால் இந்த எண்ணை அழுத்தி முகவரியைப் படியுங்கள் என்று சொன்னேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். தெருப் பெயரில் மட்டும் ஒரு எழுத்து தடுக்கியது. அதையும் சேர்த்து மூன்றாவது முறை படித்தார்.

வணக்கம்.