வெஸ்ட் மாட்டிட்டா சர்வீஸ் டாக் ஆயிடுமா?

(திரையில்: சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி. உள்ள ஒரு குட்டி நாய். சிவப்பு வெஸ்ட்.)

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல இருக்கறவங்க இந்தக் காட்சிய எப்பவாவது பாத்திருப்பீங்க. பால் வாங்கலாம்னு கடைக்குள்ள போறீங்க, எதிர்ல ஒரு தள்ளுவண்டி வருது, தக்காளி வைக்கிற எடத்துல ஒரு நாய் உக்காந்திருக்கு, மேல சிவப்பு வெஸ்ட்டு, அதாங்க கையில்லாத மேல்சட்டை, அதுல பெருசா சர்வீஸ் டாக்னு, அதாவது மாற்றுத்திறனாளிக்கு உதவற நாய்னு எழுதியிருக்கு, ஆனா அது போறவங்க வர்றவங்க எல்லாரையும் பாத்து வள்ளு வள்ளுன்னு குரைக்குது. அங்க வேலை செய்யற பையன் பாக்கறான். ஒண்ணும் சொல்லல, திரும்பிக்கிட்டு பிஸ்கட் பாக்கெட்ட அடுக்க ஆரம்பிச்சுட்டான். அவன் ஏன் திரும்பிக்கிட்டான்? இன்னைக்கு மேட்டரே அதுதான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ஒத்துக்கறேன். நானும் அந்த வெஸ்ட்ட ஆன்லைன் கார்ட்டுல போட்டு வச்சவன்தான். இன்னொரு மாநிலத்துல இருக்கற அண்ணன் வீட்டுக்கு போகணும், நாய விட்டுட்டு போக மனசில்ல, ஃப்ளைட்ல பெட்ட கேபின்ல கொண்டு போகணும்னா தனியா காசு, அதுவும் முன் சீட்டுக்கு அடியில போற பைக்குள்ள அடங்கணும், நம்மாளு 25 கிலோ, எங்க அடங்கறது. சர்வீஸ் டாக்னு சொல்லிட்டா காசில்லாம கூடவே கூட்டிட்டு போயிடலாமேன்னு தேடிப் பாத்தா வரிசையா வெப்சைட்டுங்க. நாயோட போட்டோ, பேரு, நம்ம கிரெடிட் கார்டு நம்பர், அவ்ளோதான், அஞ்சு நிமிஷத்துல சர்டிபிகேட், ஐடி கார்டு, வெஸ்ட் எல்லாம் ரெடி. நாய்க்கு என்ன தெரியும்னு ஒரு கேள்வி கூட கேக்கல. நான் கடைசி பட்டன அமுக்கல, ஆனா நான் ரொம்ப நல்லவன்ங்கறதால இல்ல, வீட்டுக்காரம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு "மேல பறக்கும்போது இவன் கக்கா போனா யாரு அள்றது?"ன்னு கேட்டாங்க, அத்தோட லேப்டாப்ப மூடிட்டேன்.

அதுக்கப்புறம்தான் சட்டத்த படிச்சேன். படிச்சா முதல் அதிர்ச்சி என்னன்னா, அந்த ஐடி கார்டுக்கு சட்டப்படி எந்த மதிப்பும் கெடையாது. சும்மா பிளாஸ்டிக்.

(திரையில்: 1990, மாற்றுத்திறனாளிகள் சட்டம்)

அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990ல வந்துச்சு, சுருக்கமா ஏடிஏன்னு சொல்வாங்க. அது சொல்ற சர்வீஸ் டாக்னா, ஒரு மாற்றுத்திறனாளிக்காக ஒரு குறிப்பிட்ட வேலைய செய்ய தனியா பயிற்சி எடுத்த நாய். கண்ணு தெரியாதவருக்கு வழி காட்டறது, காது கேக்காதவர்கிட்ட அலாரம் அடிக்குதுன்னு வந்து தட்டி சொல்றது, வலிப்பு வந்தா பக்கத்துல நின்னு காப்பாத்தறது, போர்ல இருந்து வந்தவருக்கு ராத்திரி கெட்ட கனவு வந்தா எழுப்பி விடறது, இந்த மாதிரி. "இவன் பக்கத்துல இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கு" அப்படிங்கறது இந்த லிஸ்ட்ல வராது. அது எமோஷனல் சப்போர்ட் அனிமல், அது வேற கதை, பின்னாடி வர்றேன். 2011ல இருந்து நாய் மட்டும்தான் கணக்கு, அது போக குட்டி ரக குதிரைக்கு மட்டும் தனியா ஒரு விதி வச்சிருக்காங்க. ஆமாங்க, குதிரைதான். சிரிக்காதீங்க, அதையும் வழி காட்ட பழக்கறாங்க.

இப்ப கடைக்காரப் பையனுக்கு வருவோம். இது என்ன நாய்னு பாத்தவுடனே புரியலன்னா அவன் ரெண்டே ரெண்டு கேள்விதான் கேக்கலாம். இந்த நாய் உங்க உடல் குறை காரணமா தேவைப்படற சர்வீஸ் நாயா? அது என்ன வேலை செய்ய பழகியிருக்கு? முடிஞ்சுது. உங்களுக்கு என்ன நோய்னு கேக்கக் கூடாது, பேப்பர் காட்டுன்னு கேக்கக் கூடாது, எங்க செஞ்சு காட்ட சொல்லுங்கன்னும் கேக்கக் கூடாது. வெஸ்ட் போட்டிருக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெஜிஸ்டர் பண்ணணும்னும் இல்ல.

இதக் கேட்டதும் எனக்கு தோணினது, என்னடா இது, கதவ தெறந்து போட்டுட்டு பூட்ட வீட்டுக்குள்ள வச்ச மாதிரி இருக்கேன்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, வேணும்னேதான் தெறந்து வச்சிருக்காங்க. நீங்களும் நானும் ஹோட்டலுக்குள்ள போகும்போது யாராவது மெடிக்கல் ரிப்போர்ட் கேக்கறாங்களா? அப்ப கண்ணு தெரியாத ஒருத்தர் மட்டும் ஏன் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு தன் குறைய நிரூபிச்சுட்டு உள்ள போகணும்? அவங்க சொல்ற வார்த்தைய அப்படியே நம்புவோம்னு சட்டமே முடிவு பண்ணியிருக்கு. போலி வெஸ்ட்டுக்காரங்க திருடறது அந்த நம்பிக்கையத்தான்.

அந்த நம்பிக்கை சும்மா வரல. 1928ல, அமெரிக்காவுல நாஷ்வில்ங்கற ஊர்ல இருந்து மோரிஸ் ஃபிராங்க்னு ஒரு இளைஞர், பார்வை கெடையாது, சுவிட்சர்லாந்து போய் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோட பழகிட்டு வர்றாரு. அதுக்கு அங்க வச்ச பேரு கிஸ், நடுத்தெருவுல நின்னு எப்படி அந்தப் பேர சொல்லி கூப்பிடறதுன்னு பட்டி (Buddy, நண்பன்)ன்னு மாத்திட்டாரு. நியூயார்க்ல இறங்கினதும் நிருபருங்க முன்னாடியே, வண்டிங்க தாறுமாறா ஓடற ரோட்ட அந்த நாய் கூடவே கடந்து காட்டினாரு. 1929ல, சுவிட்சர்லாந்துல நாய்ங்களுக்கு பயிற்சி குடுத்துட்டு இருந்த டோரதி யூஸ்டிஸ் அம்மாவோட சேந்து தி சீயிங் ஐன்னு ஒரு பள்ளி, அமெரிக்காவோட முதல் வழிகாட்டி நாய் பள்ளி. நாய் பழகிடுச்சு சரி, மனுஷங்கள பழக்கறதுதான் கஷ்டமா போச்சு. ஹோட்டல்ல விட மாட்டாங்க, ரயில்ல விட மாட்டாங்க, வருஷக் கணக்குல ஒவ்வொரு கதவா தட்டித் தட்டி வாங்கின உரிமை அது.

(திரையில்: ஹார்னெஸ் போட்ட லாப்ரடார், ரோட்டோரம் நிக்குது)

அந்த நாய்க்கு பின்னாடி எவ்ளோ உழைப்புன்னு பாருங்க. குட்டியா இருக்கும்போது ஒரு வாலன்டியர் குடும்பம் ஒரு வருஷத்துக்கும் மேல வளக்கும், கூட்டம், சத்தம், லிஃப்ட், படிக்கட்டு எல்லாத்துக்கும் பழக்கும், அப்புறம் கண்ணீரோட திருப்பி குடுத்துடும். அடுத்து மாசக் கணக்குல பயிற்சி, அதுல பாதியிலயே வெளிய வர்ற நாய்ங்க நெறைய. ஒரு நாய தயார் பண்ண பத்தாயிரக் கணக்குல டாலர் ஆகும். எல்லாத்துலயும் கஷ்டமான பாடம் எது தெரியுமா, சொன்ன பேச்ச கேக்காம இருக்கறது! முதலாளி "போ"ன்னு சொல்றாரு, ஆனா சத்தமில்லாம ஒரு கார் வருது, நாய் நகராது. எப்ப கேக்கணும் எப்ப கேக்கக் கூடாதுன்னு தானா முடிவு பண்ணணும். நம்ம வீட்டு நாயும் பேச்ச கேக்காதுதான், ஆனா காரணம் வேற.

இப்படி ஒரு நாய் கடைக்குள்ள நடந்து வருது, தள்ளுவண்டியில இருக்கற நம்ம வெஸ்ட்டு ஹீரோ அது மேல பாயறான். கடிக்காட்டியும் பரவால்லன்னு நெனைப்போம், ஆனா அந்த ஒரு செகண்ட் கவனம் சிதறினா பின்னாடி பிடிச்சுட்டு வர்றவருக்கு முன்னாடி படி இருக்கா பள்ளம் இருக்கான்னு தெரியாது. கடிச்சுட்டா இன்னும் மோசம். ஒரு தடவை தாக்கப்பட்ட நாய் அதுக்கப்புறம் மத்த நாய்ங்கள பாத்தாலே மிரண்டு போய், காயம் ஆறினாலும் வேலைக்கு லாயக்கில்லாம போயிடலாம், அப்ப அந்த மனுஷன் திரும்ப கைத்தடிய எடுத்துக்கிட்டு அடுத்த நாய்க்காக வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கணும்.

வெளிய தெரியாத குறை இருக்கறவங்க பாடு இன்னும் திண்டாட்டம். சர்க்கரை அளவு இறங்கினா மோப்பத்துலயே கண்டுபிடிச்சு சொல்ற நாய் இருக்கு, அத வச்சிருக்கறவர பாத்தா நல்லா திடகாத்திரமா இருப்பாரு. நாலு போலிய பாத்த கடைக்காரர் அஞ்சாவதா வர்ற இவர சந்தேகமா பாப்பாரு. கேமராவ தூக்கிட்டு "நீ போலிதானே"ன்னு மெரட்டற வீடியோ போலீஸ் வேற இப்ப கெளம்பியிருக்கு. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, ஆளப் பாத்து யாருக்கு என்ன நோய்னு உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

சரி, ஃப்ளைட் கதை. ரொம்ப நாளா மனநல நிபுணர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கினா எமோஷனல் சப்போர்ட் அனிமல காசு குடுக்காம ஏத்திக்கலாம்னு இருந்துச்சு, உடனே லெட்டர் விக்கற வெப்சைட்டுங்க மொளைச்சுடுச்சு. 2017ல அட்லாண்டாவுல கெளம்ப இருந்த ஒரு டெல்டா ஃப்ளைட்ல, பக்கத்து சீட்டுக்காரரோட சப்போர்ட் நாய் ஒரு பயணியோட மூஞ்சிய கடிச்சு 28 தையல். 2018ல நெவார்க் ஏர்போர்ட்டுக்கு ஒருத்தர் சப்போர்ட் அனிமல்னு சொல்லி மயிலோட வந்துட்டாங்க, யுனைடெட் ஏர்லைன் ஏத்த மாட்டேன்னுடுச்சு. அதே வருஷம் டெல்டா சொன்னது, 2016ல இருந்து பாத்தா விலங்குங்களால வர்ற பிரச்னை 84 சதவீதம் கூடியிருக்குன்னு. கடைசியில போக்குவரத்து துறை விதிய மாத்தி, 2021 ஜனவரியில இருந்து ஏர்லைன் எமோஷனல் சப்போர்ட் அனிமல ஏத்தணும்னு கட்டாயம் இல்லன்னு ஆக்கிடுச்சு.

இதுல அடி வாங்கினது யாரு? மயிலோட வந்தவங்க மட்டும் இல்ல. நெஜமான சர்வீஸ் டாக் வச்சிருக்கறவங்களும் இப்ப அரசாங்க ஃபாரம் நிரப்பணும், நாயோட உடல்நலம், பழக்கம், பயிற்சி எல்லாம் எழுதி கையெழுத்து போடணும், முன்னாடியே டிக்கெட் எடுத்திருந்தா 48 மணி நேரம் முன்னாடியே குடுன்னு ஏர்லைன் கேக்கலாம். அந்த ஃபாரத்துல பொய் சொன்னா ஃபெடரல் குற்றம்னும் போட்டிருக்கு. கடை வாசல்ல பேப்பர் கேக்கக் கூடாது, ஆனா ஃப்ளைட்டுக்கு பேப்பர் கேக்க ஆரம்பிச்சது இப்படித்தான். நான் அன்னைக்கு அந்த பட்டன அமுக்கியிருந்தா இதுல எனக்கும் ஒரு பங்கு.

"ஆனா எனக்கு நெஜமாவே டிப்ரஷன் இருக்கு, நாய் இல்லாம முடியாது"ன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்கள நான் கிண்டல் பண்ணல. அவங்களுக்கு வழி இருக்கு, வீட்டு வாடகை விஷயத்துல தனி சட்டம் இருக்கு, பெட் கூடாதுன்னு சொல்ற வீட்டுலயும் தகுந்த லெட்டர் இருந்தா எமோஷனல் சப்போர்ட் அனிமலுக்கு பெரும்பாலும் எடம் குடுத்தாகணும். பொய்யே தேவையில்ல. கலிஃபோர்னியாவுல 2022ல இருந்து இன்னும் இறுக்கிட்டாங்க, நாய்க்கு லெட்டர் எழுதறவருக்கும் உங்களுக்கும் கொறஞ்சது 30 நாள் பழக்கமாவது இருக்கணும். அஞ்சு நிமிஷ லெட்டர் வியாபாரத்துக்கு வச்ச ஆப்பு அது.

தண்டனையும் இருக்கு. கலிஃபோர்னியாவுல போலியா சொன்னா 1000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். ஆனா தெரிஞ்சே ஏமாத்தினாங்கன்னு நிரூபிக்கணும், கேக்கறதுக்கே ரெண்டு கேள்விதான்னா எங்க நிரூபிக்கறது.

அப்ப எல்லாருக்கும் அரசாங்கமே ஐடி கார்டு குடுத்தா என்ன? கமென்ட்ல நீங்க இதத்தான் கேப்பீங்க. எனக்கு ஒப்பல. தன் நாய்க்கு தானே பயிற்சி குடுக்கவும் சட்டம் இடம் குடுக்குது, பத்தாயிரக் கணக்குல செலவு பண்ண முடியாதவங்களுக்கு அது ஒண்ணுதான் வழி. அவங்க டெஸ்ட்டுக்கு எங்க போவாங்க, யாரு காசு கட்டறது? போலி கார்டு அடிக்கறவன் அப்பவும் அடிப்பான், நெஜமானவங்கதான் லைன்ல நிப்பாங்க.

அதுவும் இல்லாம கடைக்காரர் கையில ஏற்கனவே ஒரு ஆயுதம் இருக்கு, பாதி பேருக்கு அது தெரியாது, கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயந்து சும்மா இருந்துடறாங்க. நாய் கட்டுப்பாட்டுல இல்ல, உரிமையாளரும் அடக்கல, இல்ல உள்ளயே ஒண்ணுக்கு போயிடுச்சுன்னா, அது நூத்துக்கு நூறு நெஜமான சர்வீஸ் டாக்கா இருந்தாலும் வெளிய கொண்டு போங்கன்னு சொல்லலாம். நாய்தான் வெளிய, அந்த மனுஷன் உள்ள வந்து பொருள் வாங்கிக்கலாம், அதுக்கு வழி பண்ணிக் குடுக்கணும். நாய் போலியான்னு யாரும் கண்டுபிடிக்கவே வேண்டாம், அது எப்படி நடந்துக்குதுன்னு பாத்தா போதும்.

அந்த பிஸ்கட் அடுக்கின பையனுக்கு இன்னொண்ணும் தெரிஞ்சிருக்காது. அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட கேள்வி பதில்லயே இருக்கு: சர்வீஸ் டாக் பொதுவா தரையில நடக்கணும், இல்ல உரிமையாளர் கையில தூக்கிக்கணும். தள்ளுவண்டியில உக்கார வைக்க கடை அனுமதிக்கணும்னு கட்டாயமே இல்ல.

(திரையில்: காலி தள்ளுவண்டி, தக்காளி வைக்கிற எடத்துல தக்காளி)