காலோடு சேர்ந்து சுற்றும் சக்கரம்

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் இளைஞர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு தாத்தா வாசலில் நின்ற சைக்கிள்களைக் காட்டி, "பிரேக்கே இல்லையே, எப்படிப்பா நிறுத்துவீங்க?" என்று கேட்டார். இன்று பேசப்போவது அதைப் பற்றித்தான்.

சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் வண்டி உருளும். அதற்குக் காரணம், பெடல் நின்றாலும் பின்சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் ஃப்ரீவீல். வாசலில் நிற்கும் ஃபிக்ஸி வகை வண்டிகளில் அது கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை கால்களும் சுற்றியே ஆகவேண்டும். காலால் எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்கவேண்டும்.

ஒரு காலத்தில் எல்லாரும் இப்படித்தான் ஓட்டினார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகப் போட்டியில் 100 கிலோமீட்டர் பந்தயத்தை வென்றவர் நம் தென்னாப்பிரிக்காவின் லாரன்ஸ் மெயின்ட்ஜஸ். ஃப்ரீவீல் பரவாத காலம் அது. அது பரவிய பிறகும், எல்லாம் கால் பலத்தில்தான் என்ற வீம்பு போகவில்லை. டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்ச், கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கானது என்று 1902-இலேயே எழுதினார். கியர் மாற்றிகளுக்கு அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் இடம் கிடைத்தது.

அப்புறம் இந்த வண்டி பந்தய வட்டத்துக்குள் ஒதுங்கியது. ஜப்பானில் 1948 முதல் கெய்ரின் என்ற வட்டப்பாதைப் பந்தயம் பிரேக் இல்லாத வண்டியில்தான் நடக்கிறது. அங்கே அது சரி. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். நியூயார்க்கில் சைக்கிளில் கடிதமும் பொட்டலமும் கொண்டுசேர்க்கும் பையன்கள் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்ததற்கும் நியாயம் இருந்தது. பாகம் குறைவு, மழையில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. 2000-க்குப் பிறகுதான் அது ஃபேஷன் ஆனது. வண்ண ரிம், குட்டைக் கைப்பிடி, கழற்றி எறிந்த பிரேக். பிரேக் வைத்தவனைக் கோழை என்றார்கள்.

நானும் சொன்னேன். பத்தொன்பது வயதில் சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 48 பல், பின்னால் 16 பல் போட்டு ஓட்டினேன். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி சுமார் 6.3 மீட்டர் போகும். நம் ஊர் இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகம் சட்டென்று வந்துவிடும். அப்போது நிமிடத்துக்கு 130 முறைக்கு மேல் கால் சுற்றவேண்டும். ஒரு நாள் முன்னால் போன டாக்ஸி ஆள் ஏற்ற நின்றது. கால் ஈடுகொடுக்கவில்லை, பெடல் பட்டையிலிருந்து நழுவியது. நடைபாதை விளிம்பில் மோதிக் காரை எலும்பு உடைந்தது. அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

2016-இல் லண்டனில் அதுதான் நடந்தது. முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதித் தெருவில் நடந்த ஒரு பெண் உயிரிழந்தார். ஓட்டிய இளைஞரை 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பினார்கள். ஃபிக்ஸி என்றாலே ஊர் முகம் சுளித்தது.

தம்பிகளே, காலால் பெடலைப் பூட்டி, பின்சக்கரத்தை வழுக்கவிட்டு நிறுத்துவது பார்க்க அழகுதான். ஆனால் வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. அதனால்தான் அது நீளமாக வழுக்குகிறது. முன் பிரேக் அதைவிட வெகு சீக்கிரம் நிறுத்தும். இன்னொன்று: 48-க்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஒவ்வொரு முறையும் ஒரே கால் நிலையில் பூட்டினால் டயரின் ஒரே இடம் தேயும். பின்னால் 17 பல் போடுங்கள், தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும்.

இந்த வண்டியை விட என்னால் முடியவில்லை. டர்பனின் பெரியா மேட்டில் ஏறும்போது சாலையின் ஒவ்வொரு மேடும் காலுக்குத் தெரியும். அந்தச் சுகம் வேறு எந்த சைக்கிளிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பிரேக் இல்லாமல்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கு நம் டர்பனிலேயே கிங்ஸ் பார்க் வட்டப்பாதை இருக்கிறது.

தாத்தா, வாசலில் நிற்கும் பச்சை வண்டி என்னுடையது. முன் பிரேக் போட்டிருக்கிறேன். பின்சக்கரத்தை நான் தூக்கிப் பிடிக்கிறேன், நீங்கள் கையால் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.