சித்திரமும் கைப்பழக்கம்: குழு ஆலோசகர் பயிற்சி பற்றி ஓர் உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முதல்வர் அம்மையார் அவர்களே, கீழ்ப்பாக்கத்தில் புறநோயாளிப் பிரிவை முடித்த கையோடு வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, தாம்பரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். மண்டபம் தந்து, இந்த வெயிலுக்கு மோரும் தந்த விழாக் குழுவினருக்கு நன்றி.

ஒரே மாதிரிச் சிக்கல் உள்ள சிலர் கூடி உட்கார்ந்து, ஆலோசகர் நடத்த, ஒருவரோடொருவர் பேசுவதுதான் குழு ஆலோசனை. அந்தக் குழுவை எப்படி அமைப்பது, எப்படி நடத்துவது, எப்படி முடிப்பது என்று மூன்று செய்திகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: சித்திரமும் கைப்பழக்கம்.

8 பேர் நல்ல அளவு. 5 பேரை வைத்துத் தொடங்கினால், இருவர் வராத நாளில் குழுவே இருக்காது. 12ஐத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்காமல் வீடு போவார்கள். நாற்காலிகள் ஒரே உயரம், வட்டமாக. நடுவில் மேசை வேண்டாம். நேரம் 90 நிமிடம். நடத்துபவர் இருவர் என்றால் எதிரெதிரே உட்காருங்கள். அடுத்தடுத்து உட்கார்ந்தால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, இங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்று பேசி முடித்துவிடுங்கள்.

இனி நடத்துவது. பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. குடிநோயாளிகளின் குடும்பத்தார் குழு என்று வைத்து, மாணவர்களே உறுப்பினர்களாக நடிக்கிறார்கள். பெரியவர் ஒருவர் மகனைப் பற்றித் தொடங்குகிறார். 5 நிமிடம், 10 நிமிடம், நிற்கவில்லை. நடத்தும் மாணவி அவர் பக்கமே திரும்பி, தலையாட்டி, கேள்வி கேட்டு, கடைசியில் யோசனையும் சொல்கிறார். எதிரே ஓர் அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறார். அதை யாரும் பார்க்கவில்லை. நடந்தது குழு ஆலோசனையே அல்ல. ஏழு பேரைப் பார்க்கவைத்து ஒருவருக்குத் தந்த தனி ஆலோசனை! பயிற்றுநர் நிறுத்தி, மறுபடி செய்யச் சொல்கிறார். இம்முறை மாணவி, “ஐயா, கொஞ்சம் நிறுத்திக்கலாமா? நீங்க சொன்னது இங்கே பலருக்கும் பட்டிருக்கும்” என்று சொல்லி, “அக்கா, ஐயா பேசும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்கிறார். அந்த அம்மாவின் கை ஜிப்பை விடுகிறது. பேசுகிறார். பெரியவர் முதல்முறையாகக் கேட்கிறார். இந்த ஒரு வாக்கியம் நாவில் வரப் பல ஒத்திகை வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம், தோழர்களே!

ஆகவேதான் கேட்கிறேன். அமெரிக்காவில் ஆலோசகர் படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, மாணவர் தாமே ஒரு சிறு குழுவில் உறுப்பினராகக் குறைந்தது 10 மணி நேரம் இருந்தாக வேண்டும் என்கிறது. இங்கே ஒரு வட்டத்திலும் உட்காராமல் சான்றிதழ் வாங்கிவிட முடிகிறது. 1794 முதல் மனநோய்க்கு மருத்துவம் பார்த்துவரும் ஊர் இது. உறுப்பினராக 10 மணி நேரம், அனுபவசாலியின் மேற்பார்வையில் துணை நடத்துநராக ஒரு முழுக் குழு, அதுவும் தமிழில்: இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

முடிப்பது பற்றி விரிக்க நேரமில்லை. கடைசி அமர்வு என்றைக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அது போதும். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல்வர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். பெயரோடு படிக்கும் கல்லூரியையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.