இறக்கை வைத்த இரண்டு கார்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்தால் காற்று கையைத் தூக்கும். கீழ்நோக்கிச் சாய்த்தால் அமுக்கும். அந்த அமுக்கத்துக்காகவே கூரான மூக்கு வைத்து, முதுகில் ஏறக்குறைய இரண்டடி உயர இறக்கையும் நிறுத்தி, அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி இரண்டு கார்களைக் கொண்டுவந்தது. 1969-இல் டாட்ஜ் சார்ஜர் டெய்டோனா, 1970-இல் பிளிமத் சூப்பர்பேர்ட்.

இரண்டும் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்துக்காகப் பிறந்தவை. பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் அதே காரைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்பது விதி. 1969-இல் 500 கார் போதும். டெய்டோனா 503 வந்தது. அடுத்த ஆண்டு, இரண்டு டீலருக்கு ஒரு கார் என்று விதியை மாற்றினார்கள். அதனால் சூப்பர்பேர்ட் 1,900-க்கும் மேல். பிளிமத்தை விட்டு ஃபோர்டுக்குப் போய்விட்ட நட்சத்திரப் பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப அழைத்துவந்ததும் இந்தக் கார்தான்.

சரி, சேகரிப்பவர் எதை வாங்குவது? எல்லாரும் முதலில் எஞ்சினைக் கேட்கிறார்கள். நான் கூரையைப் பாருங்கள் என்பேன். காற்று வழுக்கிப் போவதற்காகப் பின்கண்ணாடியைச் சுற்றித் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். டெய்டோனாவில் அந்த இணைப்பைத் தேய்த்து, மழமழவென்று ஆக்கி, பெயின்ட் அடித்தார்கள். சூப்பர்பேர்டில் அதற்கு நேரமில்லை. இத்தனை கார் முடித்தாக வேண்டுமே! வெல்டிங் தெரியாமல் இருக்கக் கூரை மேல் வினைல் என்ற கறுப்பு பிளாஸ்டிக் உறையை ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஈரத் துணியை இரும்புப் பெட்டி மேல் போட்டு வைத்தால் என்ன ஆகும்? உரிந்த ஓரத்தில் தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்குகிறது. துரு வெளியே தெரியாமல் தகட்டைத் தின்கிறது. நான் தடவிப் பார்த்த ஒரு சூப்பர்பேர்டில், வினைலுக்கு அடியில் அப்பளம் போலக் கொப்புளம் எழும்பியிருந்தது. மூக்கும் இறக்கையும் புத்தம் புதிதாக மின்னின! அதனால் மறுபடியும் சொல்கிறேன், முதலில் கூரை.

இன்று கோடிகளில் பேசப்படும் இந்த சூப்பர்பேர்ட், அன்று வாங்க ஆளில்லாமல் டீலர் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது. சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, பிளிமத்தின் சாதாரண மாடலான ரோட் ரன்னர் ஆக்கி விற்றார்கள். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

எனக்கு டெய்டோனாதான். குறைவாகப் பிறந்தது என்பதற்காக இல்லை, அந்தக் கூரை வேலைக்காக. 1970 மார்ச்சில், அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் மணிக்கு 200 மைலை, அதாவது ஏறக்குறைய 322 கிலோமீட்டரை, பட்டி பேக்கர் என்ற ஓட்டுநர் தாண்டியதும் ஒரு டெய்டோனாவில்தான்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். எஞ்சின் பற்றிச் சுருக்கமாக: 440 கன அங்குல எஞ்சின் போதும், பழுதுபார்ப்பது எளிது. எரியறை அரைக்கோள வடிவில் இருக்கும் 426 கன அங்குல ஹெமி எஞ்சின் மிக அரிது, விலையும் அப்படித்தான். போலிகள் நிறைய; அசல் டெய்டோனாவில் கம்பெனியே பொறித்த வண்டி எண் எக்ஸ்எக்ஸ் 29 என்று தொடங்கும். பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். துருவை மறைக்கப் பட்டி (புட்டி) பூசிய இடத்தில் அது ஒட்டாது. வணக்கம்.