கடல் வானொலி: உரிமமும் முறையும்

[காட்சி: மணப்பாடு, அதிகாலை. கரையில் இழுத்துப் போட்ட வள்ளங்கள். கழிமுகத்தில் ஒரு சிறிய பாய்மரப் படகில் இருவர் பாய் கட்டுகிறார்கள். இருக்கையின் மேல் மஞ்சள் நிறக் கைவானொலி ஒன்று கிடக்கிறது.]

வணக்கம். மணப்பாட்டில் பாய்மரப் படகும் அலைச்சறுக்குப் பலகையும் பழக வருவோரைச் சில ஆண்டுகளாகப் பார்க்கிறோம். உவரி, கூட்டப்பனை, இடிந்தகரைப் பக்கங்களில் மீன்பிடிக்காக அல்லாமல் பொழுதுபோக்காகப் படகு எடுப்போர் இன்னும் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரில் பலருடைய பையில் கடல் வானொலி என்னும் இந்தச் சிறு கருவி இருக்கிறது. கைபேசியைப் போலவே இணையச் சந்தையில் வாங்கி, மின்னேற்றி, கைபேசியில் பேசுவது போலவே இதிலும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

கைபேசியில் நீங்கள் ஒருவரை அழைத்தால் அந்த ஒருவருக்கு மட்டுமே கேட்கும். கடல் வானொலியின் பேசும் பொத்தானை அழுத்தினால், எட்டும் தூரத்தில் அதே சேனலைத் திறந்து வைத்திருக்கும் வள்ளம், விசைப்படகு, சரக்குக் கப்பல், கரைக் காவல் நிலையம் அனைத்துக்கும் கேட்கும். நீங்கள் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் அந்தச் சேனலில் பேச வழியில்லை. உரிமம் எதற்கு என்ற கேள்விக்கும், இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்ற கேள்விக்கும் விடை இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது எளிது. பாளையங்கால்வாயையும் கன்னடியன் கால்வாயையும் ஆங்கிலக் கோப்புகள் சேனல் என்றுதான் குறிப்பிடும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் தண்ணீர் முறை வைத்துத்தான் வயலுக்குப் போகிறது; மேல்மடைக்காரர் முறை தவறி இரவில் மடையைத் திறந்துவிட்டால் கடைமடையில் பயிர் காயும். வானொலிச் சேனலிலும் அப்படியே நடக்கிறது. கடல் வானொலி அதிர்வெண் பண்பேற்ற முறையில், அதாவது எஃப்.எம். முறையில் வேலை செய்கிறது. அதில் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிபரப்புகள் மோதினால், வலுவானது மெலிந்ததை முழுவதுமாக விழுங்கிவிடும். படகில் பொருத்தப்படும் கருவியின் உச்ச ஆற்றல் 25 வாட். கையில் பிடிக்கும் கருவிக்கு ஏறத்தாழ 5 வாட். பக்கத்தில் 25 வாட்டில் ஒருவர் வெட்டிப்பேச்சு பேசிக்கொண்டிருக்கையில், தூரத்தில் மூழ்கும் படகிலிருந்து 5 வாட்டில் எழும் குரல் இரைச்சலாகக்கூடக் கேட்பதில்லை. அது வந்ததே எவருக்கும் தெரியாது.

[காட்சி: கருவியின் திரை, நெருக்கத்தில். 16 என்ற எண்.]

கடல்சார் வி.எச்.எஃப்., அதாவது மிகு உயர் அதிர்வெண் அலைவரிசைகள் 156 மெகாஹெர்ட்ஸிலிருந்து 162 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்துள்ளன. அவற்றில் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருப்பது சேனல் 16. ஆபத்து, பாதுகாப்பு, முதல் அழைப்பு ஆகிய மூன்றுக்கும் உலகம் முழுவதும் அதுவே. சேனல் 70, அதாவது 156.525 மெகாஹெர்ட்ஸ், எண்ணியல் அழைப்புக்கு, அதாவது பேச்சில்லாமல் கருவியே தரவாக அனுப்பும் அழைப்புக்கு மட்டும் உரியது. அதில் குரல் எழுப்பவே கூடாது.

இனி உரிமத்துக்கு வருவோம். இரண்டு வேறு அனுமதிகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று நிலையத்துக்கு உரியது. மற்றது இயக்குபவருக்கு உரியது. வண்டிக்குப் பதிவுச் சான்றும் ஓட்டுநருக்கு ஓட்டுநர் உரிமமும் வேண்டியிருப்பதைப் போன்றதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளில் 18ஆவது பிரிவு, அரசின் உரிமமின்றி எந்த ஒலிபரப்பு நிலையமும் நடத்தக் கூடாது என்கிறது. 47ஆவது பிரிவு, கப்பல் நிலையத்தை இயக்குபவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும் என்கிறது. படகில் ஒரு கருவி இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஒரு நிலையம்.

இந்தியாவில் அந்த உரிமத்தைத் தருவது, தொலைத்தொடர்புத் துறையின் கீழ் 1952 முதல் இயங்கும் கம்பியில்லாத் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு. டபிள்யூ.பி.சி. என்றால்தான் துறைக்காரர்களுக்குப் புரியும். விண்ணப்பங்கள் சரள் சஞ்சார் என்னும் இணையதளத்தின் வழியே செல்கின்றன; இயக்குபவருக்கான தேர்வுகளையும் இதே பிரிவுதான் நடத்துகிறது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமில்லாமல் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக வைத்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதியோ விதிவிலக்கோ தேவை என்றே சொல்கிறது. ஆகவே, “நான் பேசவே இல்லை, பையில்தான் வைத்திருந்தேன்” என்ற விளக்கம் நிற்காது.

இங்கே வெளிநாட்டுக் காணொளிகள் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுக்குப் பிறகு, அந்நாட்டு நீர்ப்பரப்புக்குள் மட்டும் ஓடும் பொழுதுபோக்குப் படகுகளின் வி.எச்.எஃப். கருவிக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் படகுக்கான வானொலி உரிமத்தை இணையத்தில் கட்டணமின்றியே பெறலாம், ஆனால் பேசுபவரிடம் குறுந்தூரச் சான்றிதழ் இருக்க வேண்டும். இவை அந்தந்த நாட்டின் கரைக்கு உரியவை. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தி அதில் வந்தார்கள். அதன் பிறகு நம் கரையில் அடையாளம் தெரியாத படகும் அடையாளம் சொல்லாத குரலும் எப்படிப் பார்க்கப்படும் என்பதை விளக்கத் தேவையில்லை. போதாக்குறைக்குக் கூடங்குளம் அணுமின் நிலையம் இதே கரையில்தான் இருக்கிறது.

உரிமம் தேவைப்படாத வாக்கி டாக்கியும் நம் நாட்டில் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு 2018ஆம் ஆண்டு விதிகள் விலக்கு அளித்திருக்கின்றன. கரையில் நிற்கும் நண்பருடன் பேச அது போதும். ஆனால் கடலில் எந்தக் கப்பலுக்கும் அது கேட்காது. மறுபுறம், எந்த அலைவரிசைக்கும் திருப்பக்கூடிய மலிவு விலைக் கருவிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. 156.8க்குத் திருப்ப முடிகிறது என்பது அனுமதி ஆகாது. அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த உரிமம் கடல் அலைவரிசைக்குச் செல்லாது. 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையச் சந்தைகளில் வாக்கி டாக்கி விற்போர் அலைவரிசையையும் உரிமத் தேவையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. விற்பனைப் பக்கத்தில் அந்த விவரம் இல்லாத கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது.

அமெரிக்கச் சந்தைக்கான கருவி கையில் இருந்தால் மற்றொன்றையும் கவனியுங்கள். அதில் யு.எஸ்.ஏ., இன்டர்நேஷனல் என்று இரண்டு சேனல் முறைகள் இருக்கும். ஒரே எண் கொண்ட சில சேனல்கள் அந்த இரண்டு முறைகளிலும் வேறு வேறு விதமாக இயங்கும். இங்கே இன்டர்நேஷனல் முறையில்தான் வைக்க வேண்டும்.

எண்ணியல் அழைப்பு வசதி உள்ள கருவியில் படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. என்னும் ஒன்பது இலக்க எண் பதியப்பட வேண்டும். இந்தியப் படகுகளின் எண் 419 என்று தொடங்கும். பழைய கருவியை வாங்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள்: முந்தைய உரிமையாளரின் எண் அதிலேயே கிடக்கும், பெரும்பாலான கருவிகளில் நாமாக அதை மாற்றவும் முடியாது. நீங்கள் உவரிக்கு வெளியே தத்தளிக்கும்போது, தேடுவோர் எங்கோ கொட்டகையில் நிறுத்தியிருக்கும் வேறொருவரின் படகைத் தேடுவார்கள்.

[காட்சி: படகு புறப்படுகிறது. ஒருவர் கருவியை மிதவைச் சட்டையின் தோள்பட்டையில் மாட்டுகிறார்.]

பேசும் முறையை இப்போது பார்ப்போம். முதலில் கேளுங்கள். சேனல் 16இல் யாரும் பேசவில்லை என்று உறுதியானபின், நீங்கள் கூப்பிட விரும்பும் படகின் பெயரையும் உங்கள் படகின் பெயரையும் சொல்லுங்கள். பதில் வந்ததும் 8, 72, 77 போன்ற, கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையிலான ஒரு சேனலுக்குப் போய்விடுங்கள். பக்கத்துப் படகோடு பேச 1 வாட் போதும். ஓவர் என்றால் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று பொருள், அவுட் என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். திரைப்படங்களில் இரண்டையும் சேர்த்துச் சொல்வது, வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். தேவையற்ற ஒலிபரப்பையும், பொய்யான அல்லது அடையாளமில்லாத ஒலிபரப்பையும் ஒழுங்குவிதிகளின் 15ஆவது பிரிவு தடைசெய்கிறது. கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் சரியன்று. பொதுமக்களுக்கென ஒலிபரப்பாத பேச்சை வெளியிடுவதை 17ஆவது பிரிவு தடுக்கிறது.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் பெற்ற நண்பரின் படகில் ஒருநாள் பயணியாகப் போயிருந்தேன். கைவானொலியை என் தொடைக்கும் தண்ணீர்ப் பெட்டிக்கும் இடையில் செருகி வைத்திருந்தேன். பேசும் பொத்தான் பெட்டியின் விளிம்பில் அழுந்திவிட்டது. நானும் நண்பரும் உடன்குடிக் கருப்பட்டி கிலோ என்ன விலை, எந்தக் கடையில் கலப்படமில்லை என்று அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டு போனோம். கரை திரும்பியதும், வலையை உதறிக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் என்னைப் பார்த்தார். “கருப்பட்டி வெல படிஞ்சுதா தம்பி? எங்க வள்ளத்துல அதத்தான் கேட்டுக்கிட்டு வந்தோம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்கு உறைத்திருக்காது. அன்றிலிருந்து மூன்று அறிகுறிகளைப் பார்ப்பேன்: திரையில் ஒலிபரப்புக் குறி அணையாமல் இருப்பது, கருவி சூடாவது, நெடுநேரம் எதுவுமே கேட்காமல் இருப்பது.

இந்த வானொலி எவ்வளவு தூரம் எட்டும்? வி.எச்.எஃப். அலை ஏறத்தாழ அடிவானம் வரைதான் செல்லும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கணக்கு கிடைக்கும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்த கைவானொலிக்கு 4 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே உயரம் என்றால் இருவருக்கும் இடையே 8 கிலோமீட்டர். கரையில் 64 மீட்டர் உயரக் கோபுரம் இருந்தால் அதன் பங்கு 33 கிலோமீட்டர், உங்களுடையதையும் சேர்த்து 37. எழுந்து நின்று கையை உயர்த்திப் பேசினாலே சற்றுக் கூடும். ஆழ்கடலுக்கு இது உதவாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூரக் கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி எட்டாமல் போனதை இந்தக் கரை மறக்காது. அந்தத் தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழியே செல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துக் கருவிதான் வேண்டும். கரையை ஒட்டி, கைபேசிக் கோபுரம் கிடைக்கும் இடத்தில், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணும் இருக்கிறது.

[காட்சி: கருவியின் பக்கவாட்டில் மூடியின் கீழ் சிவப்புப் பொத்தான். விரல் அதன் மேல் நிற்கிறது, அழுத்தவில்லை.]

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இந்தப் பொத்தான். மூடியைத் திறந்து சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், உங்கள் எண்ணும், ஜி.பி.எஸ். இணைந்திருந்தால் இருப்பிடமும் சேனல் 70இல் போகும். தவறுதலாக அழுத்திவிட்டால், பயந்துபோய்க் கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சேனல் 16இல் உங்கள் அடையாளத்தைச் சொல்லி அழைப்பை ரத்து செய்வதாக அறிவியுங்கள். மறைத்தால்தான் வீண் தேடலுக்குக் கப்பல் புறப்படும்.

பொத்தானுக்குப் பிறகு குரல். மேடே என்ற சொல், 1923இல் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில், உதவுங்கள் என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலியிலிருந்து உருவாக்கப்பட்டது. சேனல் 16, முழு ஆற்றல், நிதானமான குரல். உங்கள் படகின் பெயர் பொருநை என்று வைத்துக்கொள்வோம்:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் பொருநை, பொருநை, பொருநை.” அடுத்து உங்கள் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியும் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும். “மேடே, பொருநை. மணப்பாடு கலங்கரை விளக்கத்துக்குத் தென்கிழக்கே மூன்று கடல் மைல். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. உடனடி உதவி வேண்டும். நான்கு பேர், எல்லோரும் மிதவைச் சட்டை அணிந்திருக்கிறோம். ஓவர்.”

இருப்பிடத்தை முதலில் சொல்வதற்குக் காரணம், பேட்டரி நடுவில் நின்றுபோனாலும் தேட வேண்டிய இடம் தெரிந்திருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்லுங்கள். இந்தக் கரையில் உங்களை முதலில் வந்தடையப் போவது அநேகமாக ஒரு நாட்டுப்படகுதான். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் எந்திரம் நின்றுவிட்டது என்றால் மேடே வேண்டாம். பான் பான் என்று மூன்று முறை சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் காத்திருங்கள். பதில் வராவிட்டால் சிறிது இடைவெளி விட்டு, அதே வரிசையில் மீண்டும் சொல்லுங்கள். வேறொருவரின் மேடே உங்கள் காதில் விழுந்தால், வாயைத் திறக்காமல் இருப்பிடத்தை எழுதிக்கொள்ளுங்கள். கரையிலிருந்தோ கப்பலிலிருந்தோ எவரும் பதில் சொல்லவில்லை என்றால், மேடே ரிலே என்று தொடங்கி அந்தச் செய்தியை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.